துயரம் ஏன் நீடிக்கிறது? உளவழிச் சிகிச்சையின் பெருங்கோட்பாடுகள்

உளவழிச் சிகிச்சையில் பெயர்பெற்ற கோட்பாடுகள் பத்துக்கு மேல் இருக்கின்றன. 1977இல் முதற்பதிப்பு கண்டு இன்றும் பல பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கும் ஜெரால்டு கோரியின் நூல் அவற்றை அத்தியாயத்துக்கு ஒன்றாக வரிசைப்படுத்துகிறது. தேர்வு எழுத அந்த வரிசை போதும். கோட்பாடுகளைப் புரிந்துகொள்ளப் போதாது. அவை பெரும்பாலும் தமக்கு முந்தையவற்றோடு சண்டை போட்டுப் பிறந்தவை. யாரோடு என்ன சண்டை என்று தெரியாமல் படிப்பவருக்குப் பெயர்களும் ஆண்டுகளும்தான் மிஞ்சும். சண்டை முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி நடந்தது: மனத்துயரம் பலருக்குக் காலப்போக்கில் தணிந்துவிடும்போது, சிலருக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் நீடிப்பது ஏன்? இதற்கு ஒரு கோட்பாடு சொல்லும் பதிலைப் பிடித்துக்கொண்டால் அதன் சிகிச்சை முறை பெரும்பாலும் தானே விளங்கிவிடும்.

முதல் பெரும் பதில் வியன்னாவிலிருந்து வந்தது. 1880இல் யோசப் பிராயர் என்ற மருத்துவரிடம் 21 வயதுப் பெண்ணொருவர் சிகிச்சை பெறத் தொடங்கினார். நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்துவந்தவர். வலக்கை செயலிழந்தது, தாய்மொழியான ஜெர்மன் நாவில் வராமல் ஆங்கிலம் மட்டும் பேசினார், ஒரு கோடையில் சில வாரங்கள் தண்ணீர் குடிக்கவே முடியவில்லை. அறிதுயில் நிலையில் ஒருநாள், தன் வீட்டில் இருந்த துணைப்பெண்ணின் நாய் குவளையில் வாய்வைத்துக் குடித்ததையும், அப்போது மூண்ட அருவருப்பை மரியாதை கருதி வெளியே காட்டாமல் விழுங்கியதையும் சொன்னார். சொல்லி முடித்ததும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார் என்கிறது பிராயரின் குறிப்பு. இந்த முறைக்குப் பேச்சு வைத்தியம் என்று பெயர் வைத்தவரும் அந்தப் பெண்தான். 1895இல் பிராயரும் சிக்மண்ட் ஃபிராய்டும் சேர்ந்து வெளியிட்ட நூலில் அவர் ‘அன்னா ஓ’ என்ற புனைபெயரில் வருகிறார்.

அந்த நூல் தரும் எண்ணத்துக்கு மாறாக, அவர் முழுதாகக் குணமாகவில்லை. 1882இல் பிராயர் சிகிச்சையை முடித்துக்கொண்ட அடுத்த மாதமே ஸ்விட்சர்லாந்தின் காப்பகம் ஒன்றில் சேர்க்கப்பட்டார். பின்னர் தேறி, பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற தம் சொந்தப் பெயரில் ஜெர்மனியின் முன்னோடிச் சமூகப் பணியாளராக விளங்கினார். 1954இல் மேற்கு ஜெர்மனி அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. ஒரு துறையைத் தொடங்கிவைத்த முதல் வெற்றிக்கதையே அரைகுறை வெற்றி என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன.

ஃபிராய்டு அறிதுயிலைக் கைவிட்டார். மனத்தில் தோன்றுவதை எல்லாம் தணிக்கையின்றிச் சொல்லச் சொன்னார். அவருடைய பதில் இது: ஏற்றுக்கொள்ள முடியாத ஆசையும் அச்சமும் நனவிலி மனத்துக்குள் அமுக்கப்படுகின்றன, அமுங்கியவை அழியாமல் நோய்க்குறியாகவும் கனவாகவும் வாய்தவறலாகவும் வேறு உருவில் வெளிவருகின்றன. சிகிச்சையில் அவர் கண்ட மிக முக்கியமான நிகழ்வு வேறொன்று. வருபவர் தம் தாய் தந்தையிடம் கொண்டிருந்த உணர்வை, தம்மையறியாமல் மருத்துவர்மீது ஏற்றிவிடுகிறார். சிறுவயதில் தந்தையின் கோபத்துக்கு நடுங்கியவர், ஆலோசகர் கடிகாரத்தைப் பார்த்தாலே கண்டிக்கப்பட்டதாக உணர்கிறார். இந்த உணர்வுப் பெயர்ச்சியை அது நடக்கும் இடத்திலேயே பிடித்துக்காட்டுவதுதான் உளப்பகுப்பாய்வின் மையவேலை. வாரத்துக்கு நான்கைந்து நாள், ஆண்டுக்கணக்கில் நடக்கும் பழைய முறை இன்று அரிது. அதன் குறுங்கால வடிவங்கள் வாரம் ஒருமுறை, சில மாதங்கள் என்று நடக்கின்றன.

ஃபிராய்டின் வட்டத்துக்குள்ளேயே பிளவு வந்தது. 1911இல் விலகிய ஆல்ஃபிரட் ஆட்லர், ஃபிராய்டு வலியுறுத்திய பாலுணர்வைவிடத் தாழ்வுணர்ச்சியும் சமூகத்தில் தன் இடத்தைத் தேடும் முயற்சியுமே மனிதரை இயக்குகின்றன என்றார். 1913இல் கார்ல் யுங் பிரிந்து தம் வழியே போனார். இந்தியாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922இல் கல்கத்தாவில் உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். ஃபிராய்டோடு நெடுநாள் கடிதத் தொடர்பில் இருந்த அவர், மகன் தாயை விரும்பித் தந்தையைப் போட்டியாளராகக் காண்பதாக ஃபிராய்டு சொன்ன ஈடிபஸ் சிக்கல் ஐரோப்பிய நோயாளிகளிடம் காணப்படும் அதே வடிவில் இந்தியரிடம் இல்லை என்று ஃபிராய்டிடமே வாதிட்டார். கோட்பாடு பிறந்த ஊரின் வாசனை அதில் ஒட்டியிருக்கும் என்பதை அவ்வளவு முன்பே சொன்னவரை இந்தியப் பாடத்திட்டங்கள்கூட அதிகம் நினைப்பதில்லை.

இரண்டாவது பெரும் பதில் சோதனைச்சாலையில் உருவானது. நடத்தையியலாளருக்கு நனவிலி மனம் தேவைப்படவில்லை. அச்சம் கற்றுக்கொள்ளப்படுகிறது, எனவே அதை மாற்றியும் கற்கலாம் என்பது அவர்கள் கட்சி. 1920இல் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் ஒரு கைக்குழந்தைக்கு வெள்ளெலியைக் காட்டும்போதெல்லாம் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்துப் பேரொலி எழுப்பினர். எலியைக் கண்டாலே குழந்தை அழத் தொடங்கியது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை. இதற்கு நேர்மாறாக, 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் வெளியிட்ட ஆய்வு அச்சத்தை அகற்றிக் காட்டியது. முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவன் பிடித்த தின்பண்டத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, முயலை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலைத் தடவிக்கொடுத்தான். தென்னாப்பிரிக்காவின் யோசப் வோல்பே இதை முறையான சிகிச்சையாக வளர்த்து 1958இல் நூலாக்கினார்.

துயரம் நீடிப்பதற்கு இந்தப் பள்ளி தரும் விளக்கம் எளிமையானது, அதனாலேயே வலுவானது. லிஃப்டில் ஏற அஞ்சுபவர் படியேறிப் போகிறார். போனதும் நிம்மதி. அந்த நிம்மதியே தவிர்த்தலுக்குப் பரிசாகி, அடுத்தமுறையும் படியையே தேடவைக்கிறது. லிஃப்டில் ஏறினால் ஒன்றும் ஆகாது என்று கற்கும் வாய்ப்பு வாழ்நாள் முழுதும் கிடைப்பதில்லை. ஆக, அச்சத்தைக் காப்பாற்றிவைப்பது தவிர்த்தல்தான். சிகிச்சை என்பது அஞ்சும் பொருளைப் படிப்படியாக எதிர்கொள்வது. கை கழுவிக்கொண்டே இருக்கத் தூண்டும் எண்ணச்சுழற்சி நோய்க்கு லண்டனில் விக்டர் மேயர் 1966இல் இதே வழியைக் கையாண்டார்: அழுக்கைத் தொட வேண்டும், தொட்டபின் கழுவாமல் இருக்க வேண்டும், பதற்றம் தானே இறங்கும்வரை கூடவே ஒருவர் இருப்பார். அந்நோய்க்கு இன்றளவும் மிக உறுதியான சான்றுள்ள உளவழிச் சிகிச்சைகளில் முதலிடம் இந்த முறைக்கே.

மூன்றாவது பதில் இரண்டையும் மறுத்தது. பகுப்பாய்வாளரும் நடத்தையியலாளரும் வருபவரைவிடத் தாங்களே அதிகம் அறிந்தவர்கள் என்று நடந்துகொள்கிறார்கள் என்றார் கார்ல் ரோஜர்ஸ். 12 ஆண்டுகள் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் சிறார்களோடும் பெற்றோரோடும் பணியாற்றியவர். அவருடைய விளக்கப்படி, ‘நீ இப்படி இருந்தால்தான் உன்மேல் அன்பு’ என்ற நிபந்தனையோடு வளர்க்கப்படும் பிள்ளை, தன் உண்மையான உணர்வுகளைத் தானே நம்பாமல் போகிறது. நிபந்தனை இல்லாத ஓர் உறவு கிடைத்தால் வளர்ச்சி தானே மீண்டும் தொடங்கும். 1957இல் எழுதிய கட்டுரையில், வருபவரின் உலகை அவர் கண்ணால் பார்க்கும் பரிவு, நிபந்தனையற்ற மதிப்பு, ஆலோசகரின் போலியற்ற தன்மை ஆகியவை இருந்தால் மாற்றத்துக்கு வேறெதுவும் தேவையில்லை என்ற அளவுக்குப் போனார். அந்தத் துணிச்சல் பிற்கால ஆய்வுகளில் முழுதாக நிற்கவில்லை. மூன்றும் மிக உதவும் என்பது நின்றது. ரோஜர்ஸின் இன்னொரு கொடை குறைவாகப் பேசப்படுகிறது. சிகிச்சை உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து, 1942இல் ஒரு முழுச் சிகிச்சையையும் சொல்லுக்குச் சொல் அச்சிட்டார். அதுவரை மூடிய அறைக்குள் நடந்ததை மருத்துவர் நினைவிலிருந்து எழுதியதுதான் சான்று.

இந்தப் பள்ளிகளின் வேறுபாட்டைக் கண்ணால் காண 1964இல் படமாக்கப்பட்ட ஒரு கல்விப்படம் உதவுகிறது. எவரெட் ஷாஸ்ட்ராம் தயாரித்த அதில், விவாகரத்தான இளம் தாய் ஒருவர் ரோஜர்ஸ், ஃபிரிட்ஸ் பேர்ல்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ் ஆகிய மூவரையும் அடுத்தடுத்துச் சந்திக்கிறார். தம் சொந்த வாழ்க்கை குறித்து மகள் கேட்டபோது பொய் சொல்லிவிட்ட குற்றவுணர்வை ரோஜர்ஸிடம் சொல்லி, என்ன செய்யட்டும் என்று நேரடியாகக் கேட்கிறார். ரோஜர்ஸ் பதில் தருவதில்லை. பதில் யாராவது தந்துவிட மாட்டார்களா என்ற தவிப்பைப் புரிந்துகொண்டதாக மட்டும் காட்டுகிறார். உரையாடலின் முடிவில் அந்தப் பெண், ரோஜர்ஸ் தம் தந்தையாக இருந்தால் நன்றாயிருக்கும் என்கிறார். தம் கண்ணுக்கு அவர் ஒரு நல்ல மகளாகவே தெரிகிறார் என்று ரோஜர்ஸ் மறுமொழி சொல்கிறார். பகுப்பாய்வு மரபினர் இந்த இடத்தைச் சுட்டி, கண்முன் நடந்த உணர்வுப் பெயர்ச்சியை ரோஜர்ஸ் கோட்டைவிட்டார் என்றனர். ரோஜர்ஸ் அதை இரு மனிதருக்கிடையே நிகழ்ந்த உண்மையான உணர்வாகவே கொண்டார். ஒரே வாக்கியம், இரண்டு கோட்பாடுகள், இரண்டு பொருள். கோட்பாடு படிப்பவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் கிடைப்பது கடினம்.

பேர்ல்ஸ் கெஸ்டால்ட் சிகிச்சையை நிறுவியவர். கடந்தகாலத்தைப் பேசவிடாமல், இந்த நொடியில் உடல் என்ன செய்கிறது என்று பார்ப்பவர். பயமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரிக்கிறாயே என்று அந்தப் பெண்ணைச் சீண்டினார், போலி என்றார். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் உண்மையானது என்பதால் பேர்ல்ஸுக்கு அது முன்னேற்றம். எதிரே காலி நாற்காலியை வைத்து, மனத்தில் உள்ள ஆளை அதில் உட்காரவைத்துப் பேசச் செய்யும் உத்தி இந்தப் பள்ளி வழியாகவே பரவலானது. எல்லிஸ் மூவரிலும் மிக வேகமாக, மிக அதிகமாகப் பேசினார். படப்பிடிப்பு முடிந்தவுடன் தமக்கு இப்போதைக்கு மிகவும் பயன்படக்கூடியவர் பேர்ல்ஸ் என்று அந்தப் பெண் சொன்னார். ஆனால் தம் வாழ்நாள் இறுதிவரை தொடர்பு வைத்திருந்தது ரோஜர்ஸோடுதான்.

எல்லிஸ் பகுப்பாய்வு பயின்று, பலன் மெதுவாக இருக்கிறதென்று சலித்து வெளியேறியவர். 1955 அளவில் அவர் அமைத்த முறையின் சாரம்: நிகழ்ச்சி நம்மை வருத்துவதில்லை, நிகழ்ச்சியைப் பற்றிய நம் நம்பிக்கையே வருத்துகிறது. கிரேக்க அறிஞர் எபிக்டீட்டஸிடமிருந்து பெற்ற கருத்து என்று அவரே சொன்னார். இளவயதில் தம் கூச்சத்தைப் போக்க, நியூயார்க் தாவரவியல் பூங்காவில் ஒரு மாதத்தில் ஏறத்தாழ நூறு பெண்களிடம் வலியப் போய்ப் பேசியதையும், சந்திக்க ஒப்புக்கொண்ட ஒரே பெண்ணும் வராமல் போனதையும், அதனால் உலகம் இடிந்துவிடவில்லை என்று கற்றதையும் மேடைதோறும் சொல்லிச் சிரிப்பார்.

அதே திசையில் அமைதியாக நடந்தவர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஆரன் பெக். மனச்சோர்வு என்பது தன்மீதே திரும்பிய கோபம் என்ற ஃபிராய்டின் கருத்தை நிறுவ, நோயாளிகளின் கனவுகளை ஆராயத் தொடங்கினார். கோபத்தைத் தேடிய இடத்தில் தோல்வியும் இழப்பும் நிராகரிப்புமே கிடைத்தன. தரவுக்காகக் கோட்பாட்டைக் கைவிட்டார். அறிதல் சிகிச்சை பிறந்தது. தோழி கைபேசியை எடுக்கவில்லை என்றால், மனச்சோர்வில் இருப்பவருக்கு ‘நான் யாருக்கும் வேண்டாதவள்’ என்ற எண்ணம் இமைப்பொழுதில் வந்துபோகிறது. எண்ணம் வந்ததே தெரியாது. அது விட்டுச்சென்ற சோர்வுதான் தெரியும். தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் இப்படி இருண்டு போன மூன்று பார்வைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்றார் பெக். சிகிச்சையில் அந்த எண்ணத்தை எழுதச் செய்து, ஆதரவாகவும் எதிராகவும் என்ன சான்று இருக்கிறதென்று இருவரும் சேர்ந்து பார்க்கிறார்கள், வீட்டுப்பாடமும் உண்டு. நேர்மறையாக நினைக்கச் சொல்வதுதான் இம்முறை என்று பலர் கருதுவது பிழை. தோழி உண்மையிலேயே விலகிவிட்டாள் என்றால் சான்று அதைத்தான் சொல்லும். அப்போது வேலை வேறு. நடத்தைச் சிகிச்சையோடு இணைந்து இது அறிதல்-நடத்தைச் சிகிச்சையாக, சுருக்கமாக சிபிடியாக, உலகில் மிக அதிகம் ஆராயப்பட்ட உளவழிச் சிகிச்சை ஆயிற்று. பெக் 2021இல், 100 வயதில் மறைந்தார்.

எண்ணத்தை மாற்றப் போராடுவதே சிலருக்குச் சுமையாகிறது என்று கண்டவர்கள் அடுத்த அலையை எழுப்பினர். எண்ணத்தோடு வாதாடாமல் அது வந்துபோவதைக் கவனிக்கப் பழக்குவது இவர்கள் வழி. ஸ்டீவன் ஹேய்ஸின் ஏற்பும் செயற்பாடும் சார்ந்த சிகிச்சையும், மனச்சோர்வு திரும்பாமல் தடுக்கும் முழுக்கவனப் பயிற்சியும் இவ்வகை. தற்கொலை முயற்சியில் திரும்பத் திரும்ப விழுவோருக்காக மார்ஷா லீனஹன் உருவாக்கிய முறை, ஏற்பையும் மாற்றத்தையும் ஒருசேர வைக்கிறது. தாமும் இளவயதில் அதே துயரத்தோடு மனநல மருத்துவமனையில் இருந்தவர் என்பதை அவர் 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். ஆஷ்விட்ஸ் உள்ளிட்ட நாஜி முகாம்களிலிருந்து உயிர்மீண்ட விக்டர் ஃபிராங்க்ல், வாழ்வில் பொருள் காணாமையே பெருந்துயரம் என்று கொண்டு வேறொரு வழி வகுத்தார். இருத்தலியல் சிகிச்சைகளின் குடும்பத்தில் அது சேரும்.

இதுவரை வந்த எல்லாரும் துயரத்தைத் தனி ஒருவருக்குள்ளே தேடினார்கள். குடும்பச் சிகிச்சையாளர் ஆட்களுக்கு இடையில் தேடினர். மரே போவன் காட்டிய முக்கோணம் நம் வீடுகளிலும் எளிதில் தென்படும்: கணவன் மனைவிக்குள் பேச முடியாத சண்டை, பிள்ளையின் படிப்பைப் பற்றிய சண்டையாக நடக்கிறது, பிள்ளைக்கு வயிற்றுவலி வருகிறது. சால்வடார் மினுச்சின் தலைமுறைகளுக்கு இடையிலான எல்லைகளைச் சீரமைத்தார். இந்தப் பள்ளி செய்த பெரிய பிழையும் உண்டு. 1956இல் கிரெகரி பேட்சன் குழுவினர், தாய்தந்தையின் முரண்பட்ட பேச்சே மனச்சிதைவு நோய்க்கு வேர் என்ற கருத்தை முன்வைத்தனர். சான்று கிடைக்கவில்லை, அதற்குள் எத்தனையோ பெற்றோர் பழியைச் சுமந்துவிட்டனர். இந்தியாவில் குடும்பத்தை வேறுவிதமாகப் பார்த்தார் வித்யா சாகர். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து உறவினரை நோயாளியோடு தங்கவைத்தார். குடும்பத்தை நோயின் காரணமாகக் காணாமல் சிகிச்சையின் கூட்டாளியாகக் கண்ட அந்த முறையை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் தொடக்கம் முதலே கைக்கொண்டது.

பின்வந்தவர்களில் ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் சிக்கலின் வேரைத் தேடுவதையே விட்டுவிட்டு, ஏற்கெனவே எது சரியாக நடக்கிறது என்று கேட்டனர். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் சிக்கலை ஆளிடமிருந்து பிரித்துப் பேசும் கதையாடல் சிகிச்சையை வகுத்தனர்.

இத்தனையில் எது பலன் தருகிறது? 1952இல் ஹான்ஸ் ஐசெங்க், நரம்புத்தளர்ச்சி நோயாளிகளில் மூன்றில் இருவர் உளவழிச் சிகிச்சை இல்லாமலே இரண்டாண்டில் தேறிவிடுகிறார்கள் என்று எழுதித் துறையைக் கலக்கினார். அவர் கணக்கில் குறைகள் இருந்தன. ஆனாலும் அந்தச் சீண்டலால்தான் முறையான சோதனைகள் பெருகின. 1977இல் மேரி ஸ்மித், ஜீன் கிளாஸ் இருவரும் 375 ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டனர். சிகிச்சை பெற்ற சராசரி ஆள், பெறாதவர்களில் 75 சதவீதத்தினரைவிட நல்ல நிலையில் இருந்தார். பள்ளிகளுக்கிடையே பெரிய வேறுபாடு தென்படவில்லை. எல்லா முறைகளுக்கும் பொதுவானவையே குணமாக்குகின்றன என்று சால் ரோசன்ஸ்வைக் 1936லேயே ஊகித்திருந்தார். அந்தப் பொதுக்கூறுகளில் மிக நன்றாக ஆராயப்பட்டது ஆலோசகருக்கும் வருபவருக்கும் இடையிலான கூட்டுறவு. 1979இல் எட்வர்ட் போர்டின் அதை மூன்றாகப் பிரித்தார்: இருவருக்குமிடையே பிணைப்பு, இலக்கில் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு.

இதைக் கேட்டு, எந்தக் கோட்பாடானாலும் ஒன்றுதான் என்ற முடிவுக்குப் பலர் தாவுகிறார்கள். அது சோம்பேறித்தனமான வாசிப்பு. குறிப்பிட்ட அச்சங்களுக்கும் எண்ணச்சுழற்சி நோய்க்கும் நேரடியாக எதிர்கொள்ளும் முறை தெளிவாக முந்துகிறது. பேரிடருக்கு மறுநாளே எல்லாரையும் உட்காரவைத்து நடந்ததை விவரிக்கச் செய்யும் ஒருநாள் அமர்வு, பலன் தருவதில்லை. சிலருக்குத் தீங்கும் செய்கிறது. மனச்சிதைவு, இருதுருவ நோய் போன்றவற்றில் பேச்சு மருந்துக்குத் துணையாகலாம், மாற்றாகாது. கூட்டுறவு எல்லா இடத்திலும் தேவை. அதன்மேல் எந்த முறையைக் கட்டுவது என்பதை நோய்தான் சொல்ல வேண்டும்.

எளிய முறையும் ஒழுங்காகக் கற்பிக்கப்பட்டால் வேலை செய்யும் என்பதற்குக் கோவா சான்று. மனச்சோர்வு உள்ளவரை மெல்லமெல்ல அன்றாடச் செயல்களுக்குத் திருப்பும் நடத்தை முறையை, உளவியல் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்றுவித்து, விக்ரம் பட்டேல் குழுவினர் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் சோதித்தனர். ஆறு முதல் எட்டுச் சந்திப்புகள். 2017இல் வெளியான முடிவின்படி மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டனர்; வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் மீண்டவர் 39 சதவீதம்.

இன்றைய ஆலோசகர்களில் பலர் ஒரே பள்ளியைச் சேர்ந்தவர்களாக இருப்பதில்லை, கலந்தே கையாள்கிறார்கள். கலப்பதற்கு முன் ஒன்றையாவது ஆழமாகக் கற்றிருக்க வேண்டும். காலி நாற்காலியை வைத்து, பிறகு எண்ணப்பதிவேட்டைக் கொடுத்து, நடுவே கனவைக் கேட்பவர், எதற்காக எதைச் செய்கிறோம் என்று சொல்ல முடியாவிட்டால் அது கலப்பு ஆகாது, குழப்பம். மாணவர் முதலில் கேட்கும் திறனை ரோஜர்ஸிடமும், நோயின் இயங்குமுறையை நடத்தை, அறிதல் பள்ளிகளிடமும் கற்று, பிறகு உளப்பகுப்பாய்வுக்குப் போவது நடைமுறையில் உதவும் வரிசை; பாடநூல்களோ பெரும்பாலும் உளப்பகுப்பாய்விலிருந்தே தொடங்குகின்றன. மூத்தவரின் மேற்பார்வையில் உண்மையான ஆட்களைச் சந்திக்காதவரை இவை எல்லாம் ஏட்டறிவு.

உதவி தேடுபவர் கோட்பாடு படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் சந்திப்பிலேயே, என் துயரம் நீடிப்பதற்குக் காரணம் என்னவென்று நினைக்கிறீர்கள், அதற்கு எந்த முறையில் என்ன செய்யப்போகிறோம், பலன் கிடைக்கிறதா என்று எப்படி அறிவோம் என்று ஆலோசகரைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. வாராவாரம் நிலையை அளந்து ஆலோசகருக்குத் தெரிவித்தால் நிலை மோசமாகிறவர்களின் எண்ணிக்கை குறைகிறது என்று மைக்கேல் லாம்பர்ட் குழுவினரின் ஆய்வுகள் காட்டியிருப்பதால், மாற்றம் இல்லையென்றால் அதை வாய்விட்டுச் சொல்வதும் சிகிச்சையின் பகுதியே. அருகில் ஆலோசகர் இல்லாதவர்கள், இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம்.